‘எப்படித் தெரிஞ்சது?’: முகம் பிடிபடாத ஒரு சிறுவனின் நிகழ்வு ஆய்வு

இது 9 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய பதிவு. நான் பள்ளியில் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பெற்றோர் சம்மதித்தார்கள், பிறகு அவனிடமும் கேட்டேன், சரி என்றான். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறுகளை மாற்றவில்லை.

## பின்னணி: பள்ளி வாசலில் நடந்தது

அன்று அவனுடைய அம்மா இடுப்புவரை இருந்த முடியைத் தோளுக்கு மேல் வெட்டிக்கொண்டு, புது மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு மகனை அழைத்துப்போக வந்திருந்தார். பையன் வெளியே வந்தான். அம்மாவை நேருக்கு நேர் பார்த்தான். தாண்டிப் போனான். நாலடி தள்ளி, நீளமான பின்னலும் ஏறக்குறைய அதே நிறப் பையுமாக நின்றிருந்த வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் குனிந்து, “யாரு வேணும் கண்ணா?” என்று கேட்ட பிறகுதான் கையை உதறினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் வகுப்பு ஆசிரியர் ஒரு பரிந்துரைப் படிவம் அனுப்பினார். பெரியவர்களைப் பார்த்தால் கண்டுகொள்வதில்லை, இடைவேளையில் தனியாகத் திரிகிறான், கவனம் இல்லை, கூடப் படிக்கிறவர்களின் பெயரையே திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: ‘அம்மா மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறான் போலும்.’

படிப்பில் குறையில்லை. கணக்கில் வகுப்பின் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவன். நடந்தது, பேசியது எல்லாம் உரிய வயதில்தான். தலையில் அடி, வலிப்பு, மூளைக்காய்ச்சல் எதுவும் கிடையாது. மூன்றாம் வகுப்புவரை எந்த ஆசிரியரும் அவனைப் பற்றிக் குறை சொன்னதில்லை. இந்தக் கடைசி விவரத்தை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

## முதல் மூன்று மாதம்

முதலில் கண் பரிசோதனை. இரண்டு கண்ணிலும் பார்வை சரியாக இருந்தது. அடுத்து ஆட்டிசமாக இருக்குமோ என்ற சந்தேகம். தனியாகத் திரியும் குழந்தை என்றாலே இப்போது எல்லாருடைய மனமும் அங்கேதான் போகிறது. குழந்தை மனநல மருத்துவர் இரண்டு அமர்வுகளில் நிதானமாகப் பார்த்தார். கண்ணைப் பார்த்துப் பேசினான், கிண்டல் செய்தால் புரிந்துகொண்டான், பதிலுக்குக் கிண்டலும் செய்தான். படத்தில் இருப்பவர் கோபமாக இருக்கிறாரா பயந்துபோயிருக்கிறாரா என்று தயங்காமல் சொன்னான். ஆட்டிசம் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

மிச்சம் இருந்தது கூச்சம், நாலு பேரோடு பழகுவதில் வரும் பதற்றம். அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். வாரம் ஒரு அமர்வு. தெரிந்தவர் எதிரே வந்தால் சிரிக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தயங்கக் கூடாது. இதை நடித்துப் பழகினோம். சொன்னதைச் செய்கிற பையன் அவன். செய்தான். ஒரு மாணவியை மூன்று நாள் வேறொருத்தியின் பெயர் சொல்லி அழைத்தான். பள்ளிக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவரை “மாமா!” என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். பிள்ளைகள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பத்தாவது வாரம் அமர்வுக்கு வரமாட்டேன் என்று வகுப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதுவரை அவனிடம் பதற்றம் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இப்போது வந்திருந்தது. நான் கொடுத்தது அது.

## நூலகத்தில் ஒரு மதியம்

விளையாட்டு விழா நாளன்று நான் வழக்கமான உடையில் இல்லை. டி-சர்ட், தலையில் தொப்பி, முடி முழுவதும் உள்ளே. வெயிலுக்கு ஒதுங்கி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து எதிரே நின்று, “அக்கா, விண்வெளிப் புத்தகமெல்லாம் எந்த அலமாரி?” என்றான். பத்து வாரம் மூன்றடி தூரத்தில் என் எதிரே உட்கார்ந்தவன். கோபத்தில் தெரியாத மாதிரி நடிக்கிறானோ என்று ஒரு கணம் தோன்றியது.

“என்னைத் தெரியலையா?” என்றேன்.

முகம் மாறிவிட்டது. “மிஸ்! நீங்களா?”

“இப்ப எப்படித் தெரிஞ்சது?”

“குரல் வந்துச்சே மிஸ்.”

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னான். எனக்குத்தான் அடுத்த வார்த்தை வர நேரமானது. சரி, உன் வகுப்பில் யார் யாரை எப்படிக் கண்டுபிடிப்பாய், எனக்கும் சொல்லிக்கொடு என்றேன். அடுத்த இருபது நிமிடம் அவன் ஆசிரியர், நான் மாணவி.

ஒருவன் குதிகாலைத் தரையில் வைக்காமல் நடப்பான். ஒருத்தி பேசுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாள். இன்னொருவனின் ஷூ நாடா எப்போதும் இரட்டை முடிச்சு. தலைமை ஆசிரியரிடம் சாவிச் சத்தம் வரும். இரண்டு பேரை மட்டும் அவனால் பிரிக்கவே முடியவில்லை, “ரெண்டு பேருக்கும் ஒரே முடி, ஒரே உயரம், ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க.” எல்லாரும் ஒரே சீருடை போடும் இடத்தில் துணியை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்பதும் அவன் குறையாகச் சொன்ன ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகள் சுலபமாக இருக்கும் என்றான்.

“மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “மூஞ்சி தெரியும் மிஸ். கண்ணு, மூக்கு எல்லாம் தெரியும். யாருன்னு அதுல எப்படித் தெரியும்?”

கோடு போட்டு வைத்திருந்த விவரத்துக்கு அன்றுதான் விடை கிடைத்தது. மூன்றாம் வகுப்புவரை இருக்கைகள் ஆண்டு முழுவதும் மாறவில்லை. ஜன்னல் ஓரம் இரண்டாவது மேசை என்றால் அது இன்னார். நான்காம் வகுப்பில் புது ஆசிரியர் எல்லாரும் எல்லாரோடும் பழகட்டும் என்ற நல்லெண்ணத்தில் திங்கள்தோறும் இடத்தை மாற்றினார். வாரத்துக்கு ஒரு முறை அவனுக்கு வகுப்பே அந்நியர் கூட்டமாக மாறிக்கொண்டிருந்தது. பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு மர்மமும் இல்லை.

## சோதனைகளும் கண்டதும்

ஒரு நரம்பியல் மருத்துவரும் சோதனைகளில் பயிற்சி பெற்ற ஒரு நரம்பு உளவியலாளரும் உதவினார்கள். மூளை ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பிறவியிலேயே வரும் வகையில் ஸ்கேன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் ‘ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையைக் கேட்டு யாரும் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை.

முதல் சோதனை நாங்களே தயாரித்தது. குடும்பத்தினர், வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள் என்று 20 பேரின் புகைப்படங்கள். முடி, காது, கழுத்து, உடை எல்லாவற்றையும் வெட்டி முகத்தின் நடுப்பகுதியை மட்டும் வைத்தோம். அவன் சரியாகச் சொன்னது 3. தாத்தாவைப் புருவத் தழும்பால் சொன்னான், ஒரு ஆசிரியையை மச்சத்தால் சொன்னான், மூன்றாவது தங்கையா என்று ஊகித்தது சரியாகப் போயிற்று. அம்மாவின் படத்தைப் பார்த்து, “இவங்க எங்க ஸ்கூலா?” என்று கேட்டான். அம்மா பக்கத்து அறையில் இருந்தது நல்லதாயிற்று. அதே பள்ளியில் படிக்கும், அதே தோழர்களையும் ஆசிரியர்களையும் தெரிந்த இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்கள் அறிந்த முகங்களை மட்டும் வெட்டிக் காட்டினோம். சில இடங்களில் தயங்கினார்கள், ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டார்கள்.

அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது வேண்டுமென்றேதான். முகத்தை நினைவில் வைக்கும் திறன் சீக்கிரம் தொடங்கினாலும் முற்றுப்பெற நெடுங்காலம் ஆகிறது. புது முகங்களைக் கற்கும் திறன் 30 வயதைக் கொஞ்சம் தாண்டியே உச்சத்துக்கு வருகிறது என்று 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பெயர்களை நினைவில் வைக்கும் திறன் அதற்கு முன்பே உச்சம் தொட்டுவிடுகிறது. ஆகவே பெரியவர்களுக்கான அளவுகோலை 9 வயதுக்காரன் மேல் வைத்தால் எந்தக் குழந்தையும் மோசமாகத்தான் தெரியும்.

அடுத்தது தலைகீழ் முகங்கள். எந்தப் பொருளையும் தலைகீழாகக் காட்டினால் அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமம். முகத்தைத் தலைகீழாக்கினால் சிரமம் அளவுக்கு மீறிக் கூடுகிறது. 1969-இல் ராபர்ட் யின் இதை வீடு, விமானம் போன்றவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினார். நேராக இருக்கும் முகத்தை நாம் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒட்டுமொத்தமாக ஒரே வீச்சில் பார்க்கிறோம். தலைகீழாக்கினால் அந்த வசதி போய்விடுகிறது, துண்டு துண்டாகப் படிக்க வேண்டியதாகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இந்தச் சிறுவனுக்கு நேர் முகத்துக்கும் தலைகீழ் முகத்துக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். நேர் முகத்தையும் அவன் துண்டு துண்டாகத்தான் படித்துக்கொண்டிருந்தான். கார் மாடல்களை வைத்து அதே போன்ற சோதனை செய்தபோது மற்ற இரண்டு பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தான். எனவே பொதுவான ஞாபகக் குறைவு இல்லை. சோர்வாக இருந்த நாளோ என்ற ஐயத்தில் மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் செய்தோம். முடிவு அதேதான்.

மருத்துவர் எழுதிய பெயர் பிறவி முகமறியாமை. இதைக் குறிக்கும் புரோசோபக்னோசியா என்ற சொல்லை 1947-இல் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடாமர் உருவாக்கினார். தலையில் காயம்பட்ட பிறகு முகங்களை அடையாளம் காணும் திறனை இழந்தவர்களைப் பற்றி அவர் எழுதினார். காயமே இல்லாமல் பிறப்பிலிருந்தே இப்படி இருக்கலாம் என்பது மருத்துவ ஏடுகளுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1976-இல்தான் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய அறிக்கை வந்தது. அவ்வளவு தாமதமானதில் எனக்கு ஆச்சரியமில்லை. இழந்தவருக்குத் தான் எதை இழந்தோம் என்று தெரியும். இல்லாமலே பிறந்தவர் எதை எடுத்துச் சொல்வார்?

## அப்பா

முடிவுகளைச் சொல்லப் பெற்றோர் இருவரையும் அழைத்திருந்தோம். அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, “எல்லாருக்கும் அப்படித்தானேங்க? முடி, நடை, குரல் வெச்சுத்தானே ஆளைச் சொல்லுவோம்?” என்றார்.

அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். திரைப்படம் பார்க்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘இவன் யாரு, முன்னாடி வந்தானே அவனா?’ என்று கேட்கிற மனிதர். விசேஷங்களில் மனைவியை முன்னால் நடக்கவிட்டு, அவர் பெயர் சொல்லி விசாரித்த பிறகே தானும் விசாரிக்கிறவர். சொந்தக்காரர்கள் மத்தியில் திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கியவர். 40 ஆண்டுகளாக இதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தனக்கு ஆட்களிடம் அக்கறை கம்மி என்று மட்டும் நினைத்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

பெரியவர்களுக்கென்று 2006-இல் டுஷேனும் நாகயாமாவும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனையை அவரும் எழுதினார். மகனைப் போலவே மிகக் குறைவு. இது குடும்பங்களில் ஓடுவது தெரிந்த விஷயம்தான். சாதாரண மக்களிடத்திலேயே முகநினைவு பெருமளவு மரபுவழி வருகிறது என்பதற்கு 2010-இல் வெளியான இரட்டையர் ஆய்வு வலுவான சான்று. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன; இரு கரு இரட்டையரிடம் அந்த நெருக்கம் பாதிக்கும் குறைவு. நூறு பேரில் இரண்டு பேருக்கு இந்தச் சிரமம் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

## அம்மாவின் கேள்வி

அவர் தனியாக வந்து கேட்டார். பிரசவமாகி நான்காம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். “நான் கூட இருந்து என் மூஞ்சியைக் காட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காதோ?”

இந்தக் கேள்விக்கு ஒரு வரி ஆறுதல் போதாது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

முகத்தின் மேல் நாட்டம் அம்மா காட்டுவதால் வருவதில்லை. பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள்கூட, இரண்டு கண் ஒரு வாய் என்ற அமைப்பு வரைந்த அட்டை நகர்ந்தால், கலைத்துப்போட்ட முகத்தைவிட அதிக தூரம் அதைக் கண்ணால் தொடர்கிறார்கள். 1975-இல் முதலில் காட்டப்பட்ட இதை மார்க் ஜான்சன் குழுவினர் 1991-இல் மறுபடி செய்து உறுதிப்படுத்தினார்கள். சில நாள் குழந்தை அந்நியப் பெண்ணைவிடத் தன் தாயையே அதிகம் பார்க்கும். ஆனால் 1995-இல் பாஸ்கலிஸும் சகாக்களும் தாய்க்கும் மற்றப் பெண்ணுக்கும் தலையில் துணி கட்டி முடி விளிம்பை மறைத்தபோது அந்த விருப்பம் காணாமல் போயிற்று. பச்சைக் குழந்தைக்குத் தாய் என்பது பெரும்பாலும் தலையின் வெளிக்கோடுதான்.

அம்மா உடனே பிடித்துக்கொண்டார். “முடி வெட்டின அன்னிக்கு இவனும் அதைத்தானே செஞ்சான்? அங்கேயே நின்னுட்டானா?” அப்படிச் சொல்ல மாட்டேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்குப் பார்வையே மங்கல், பிறகு தெளிந்து முகத்தின் உட்பகுதிக்கு நகர்கிறது. இவன் கூர்மையாகப் பார்க்கிறான், ஆனால் உட்பகுதி இவனுக்கு ஆளைச் சொல்வதில்லை, அதனால் வெளிக்கோட்டைத் தேடிப் போகிறான்.

அனுபவத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. 2002-இல் வந்த ஆய்வில் 6 மாதக் குழந்தைகள் ஒரு குரங்கின் முகத்தை இன்னொரு குரங்கின் முகத்திலிருந்து பிரித்தறிந்தார்கள். 9 மாதக் குழந்தைகளாலும் பெரியவர்களாலும் முடியவில்லை. தினமும் பார்க்கும் முகங்களுக்கு ஏற்பக் கண் கூர்மையாகிறது, பார்க்காதவற்றுக்கு மழுங்குகிறது. இதற்கும் மேலே, பிறவிக் கண்புரையோடு பிறந்து சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை பெற்றவர்களை டாப்னி மௌரர் குழுவினர் ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துப் பழகிய பிறகும், கண்களுக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தில் மட்டும் வேறுபடும் முகங்களைப் பிரிப்பதில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

இந்த இடத்தில் அம்மாவின் முகம் வாடியது. ஆனால் அந்தக் குழந்தைகளின் கண்ணுக்குள் எந்த உருவமும் போகவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னேன். இவனுடைய இரண்டு கண்ணும் முதல் நாளிலிருந்து சரி. பகலில் பாட்டி, மாலையில் அம்மா, நடுவில் அத்தை என்று முகங்களுக்குப் பஞ்சமில்லாமல் வளர்ந்த பிள்ளை. அதே பாட்டியிடம் வளர்ந்த தங்கைக்கு இந்தச் சிரமம் இல்லை. வேலைக்குப் போனதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எந்தச் சான்றும் இல்லை, இருக்கும் சான்றெல்லாம் அப்பா பக்கம் கையைக் காட்டுகிறது என்றேன். “அவர் மேல பழி போட்டுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, பையனிடம் சொல்வதா வேண்டாமா. அப்பா வேண்டாம் என்றார். ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது என்பது அவர் பயம். ஏற்கெனவே ‘மறதிக்காரன்’, ‘திமிர்’ என்ற பெயர்கள் ஒட்டியாயிற்று, அவற்றுக்கு இது மேல் என்பது என் வாதம். ஒரு வாரம் யோசித்து, அப்பாவே சொல்வது என்று முடிவானது. எனக்கும் அப்படித்தான் என்று தொடங்கினாராம். முகங்களை மட்டுமே பெரிது பெரிதாக வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சக் குளோஸுக்கும் இதே சிரமம் இருந்தது என்று நான் பின்னர் சொன்னேன். பையன் கேட்டது ஒன்றுதான். “அவருக்கு வாராவாரம் இடம் மாத்தினாங்களா?”

இடம் மாற்றுவதை ஆசிரியர் அன்றே நிறுத்தினார். எல்லாருக்கும் பெயர் அட்டை மாட்டலாம் என்ற யோசனையைக் கைவிட்டோம். வகுப்பைத் தாண்டினால் அதற்கு வேலையில்லை, யாருக்காக இந்த அட்டை என்ற கேள்வியும் வரும். அதற்குப் பதிலாக, ஆசிரியர்கள் அவனிடம் பேசத் தொடங்கும்போது தங்கள் பெயரைச் சொல்லியே தொடங்குவது என்று வைத்துக்கொண்டார்கள். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வதா, எப்போது என்பதை அவனிடமே விட்டோம்.

எல்லாவற்றையும்விட அவசரமாக நான் கருதியது பாதுகாப்பு. அந்நியரை மாமா என்று கட்டிப்பிடித்த குழந்தையை, மாமா என்று சொல்லிக்கொண்டு வரும் எவரும் அழைத்துப்போய்விடலாம். அதற்கு வழி செய்தவள் நானேதான் என்று சொன்னாலும் தவறில்லை. வாசலில் ஒரே தூணருகே நிற்பது, வருகிறவர் அம்மாவே ஆனாலும் வீட்டுச் சொல் ஒன்றைச் சொன்ன பிறகே நகர்வது என்று ஏற்பாடு. அந்தச் சொல்லை அவனே தேர்ந்தெடுத்தான்.

பயிற்சியைப் பொறுத்தவரை எங்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. முகத்தை ஒட்டுமொத்தமாகப் பார்க்கக் கணினியில் பயிற்றும் முறைகள் பெரியவர்களிடம் ஓரளவு பலன் தந்திருக்கின்றன. நரம்பு உளவியலாளர் அதை விரும்பினார். எனக்கு ஆசை அவ்வளவு பெரிதாக இல்லை, வீட்டில் உள்ளவர்களை முதலில் கண்டுகொள்ளட்டும் என்றேன். இதே போன்ற 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குடும்பத்தினரின் முகக்கூறுகளைச் சொல்லிக்கொடுத்துப் பலன் கண்ட அறிக்கை ஒன்று 2006-இல் வந்திருந்தது. அதையே பின்பற்றினோம். 12 முகங்கள். ஒவ்வொன்றிலும் முடி, கண்ணாடி போன்று மாறக்கூடியவற்றை விட்டுவிட்டு, மாறாத இரண்டு மூன்று கூறுகள். அம்மாவுக்கு: நீள முகம், இடது புருவத்தின் வால் கீழே இறங்கும், மேலுதடு மெல்லியது. தினம் பத்து நிமிடம், வீட்டில், அப்பாவோடு சேர்ந்து. இருவருக்கும் ஒரே பாடம்.

## பிறகு நடந்தது

இரண்டு மாதத்தில் 12 முகங்களையும் வெட்டிய படத்தில் சொன்னான். பார்க்காத வேறு படங்களைக் காட்டியபோதும் பெரும்பாலும் சரி. அம்மாவின் பழைய கல்லூரிப் படத்தில் புருவத்தைப் பார்த்து, “இது அம்மா!” என்று கத்தினானாம். நேரம் மட்டும் எடுத்தது. நமக்குச் சட்டென்று வருவது அவனுக்கு மூன்று நான்கு விநாடி. வாசலில் நாற்பது பெண்கள் நிற்கும்போது அது ரொம்ப நேரம். ஆகவே தூணும் வீட்டுச் சொல்லும் தொடர்ந்தன.

புது முகங்களுக்கு இந்தப் பயிற்சி கைகொடுக்கவில்லை. எதிர்பார்த்ததுதான் என்றாலும் ஆறாம் மாதச் சோதனைத் தாளைப் பார்த்தபோது எனக்குச் சோர்வாகவே இருந்தது. தொடக்கத்தில் எடுத்த மதிப்பெண்ணேதான்.

நடுவில் ஒரு சறுக்கல். இவன் பைகளை வைத்து ஆட்களைச் சொல்கிறான் என்று கண்டுபிடித்த இரண்டு பையன்கள் பைகளை மாற்றிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் அவன் வகுப்பில் தானே எழுந்து சொல்லிவிட்டான். நானோ ஆசிரியரோ தயார் செய்த பேச்சு இல்லை. உங்களுக்கெல்லாம் முகத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியுமாம், எனக்குத் தெரியாது, அதனால் முதலில் பெயரைச் சொல்லுங்கள் என்றானாம். ஒரு வாரம் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில்கூடத் தங்கள் பெயரைக் கூவிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு தேவையான அளவுக்கு அடங்கியது. பை மாற்றிய இருவரில் ஒருவன்தான் இப்போது அவனுக்கு நெருங்கிய நண்பன்.

கால்பந்துக் குழுவில் சேர்ந்தான். பந்து மேல் பெரிய காதல் ஒன்றும் இல்லை. முதுகில் எண் போட்ட சட்டை அணிந்து விளையாடும் இடம் அது ஒன்றுதான் என்பது அவன் கணக்கு.

அப்பா தன் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

## இன்று என்றால்

குழந்தையின் நடத்தையைப் பார்த்து அதற்கு ஒரு காரணம் ஊகித்தேன், குழந்தையிடம் கேட்கவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்தால் ஏன் சிரிப்பதில்லை என்று பலமுறை கேட்டவள், அவர் தெரிந்தவர் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. எங்கள் பரிந்துரைப் படிவத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘பழகியவர்களை எதிர்பாராத இடத்திலோ மாறிய தோற்றத்திலோ பார்த்தால் குழந்தை என்ன செய்கிறது?’ உடனிருக்கும் பெற்றோரிடமும் அதே கேள்வி, அவர்களைப் பற்றியே.

ஆட்டிசம் இல்லை என்ற முடிவு வந்த அன்று, உணர்ச்சியைப் படிக்கிறான் என்ற வரி அறிக்கையிலேயே இருந்தது. முகத்தில் உணர்ச்சியைப் படிப்பதும் ஆளைப் படிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை உளவியலாளர்கள் ப்ரூஸ், யங் இருவரும் 1986-இல் முன்வைத்த முக அறிதல் மாதிரியிலேயே படித்திருக்கிறேன். தேர்வுக்காகப் படித்தது அறைக்குள் வரும்போது கூட வரவில்லை. ஒன்று நன்றாக இருந்ததால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, வகுப்பில் என்ன மாறியது என்று ஆசிரியரிடம் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். பரிந்துரை வந்தால் குழந்தையில் என்ன மாறியது என்றுதான் தேடுகிறோம்.

கடைசியாக அவனைச் சந்தித்தபோது அவனுக்கு 11 வயது. அறைக்குள் வந்ததும் என் பெயரைச் சொன்னேன், அவன் தன் பெயரைச் சொன்னான், எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. புறப்படும்போது, “மிஸ், நீங்க எல்லாம் மூஞ்சியை வெச்சு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?” என்றான். விளக்கப் பார்த்தேன். முடியவில்லை. சரி, என் அம்மாவின் முகத்தை உனக்குச் சொல்கிறேன், கூட்டத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா பார் என்றேன். வட்ட முகம், கொஞ்சம் கூரான மூக்கு, பெரிய கண். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது பத்தாது மிஸ். நடை எப்படி?” என்றான்.